மறு தட்டு

“மறு தட்டுல என்ன இருக்குன்னு எனக்குக் காட்டுங்க சார்.”

டாக்டர் சம்பந்தத்தின் கையில் டீ கிளாஸ். வாய்க்குப் போகிற வழியிலேயே அது நின்றுவிட்டது. எங்கள் மனநல நிலையத்தின் தலைவர் அவர். அந்த அறையில் யாரும் அவரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். லீவு கேளுங்கள், இடமாறுதல் கேளுங்கள், குவார்ட்டர்ஸில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைகூடப் போடுங்கள். தராசின் மறு தட்டைக் காட்டச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் இதைவிடச் சுருக்கம். அப்பா கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். “பெரியவங்ககிட்ட எதையும் கேக்காத பாப்பா. குடுக்கறதை வாங்கிக்க.” எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கின முதல் ஆள் நான். பட்டத்தை வாங்கிக்கொண்டு வாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“உட்காரும்மா தில்லை,” என்றார் சம்பந்தம். என் முழுப் பெயர் தில்லைக்கரசி. அவர் முழுதாகக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம். இன்னும் வரவில்லை போல.

“நிக்கறேன் சார்.”

தராசு என்று நாங்கள் சொல்வது ஒரு நாற்காலியை. நோயாளி அதில் உட்கார்ந்து, மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு, தன் கவலைகளைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நாடி, மூச்சு, குரல் நடுக்கம், கழுத்துத் தசையின் இறுக்கம், போனில் பதிவான தூக்கம், எல்லாவற்றையும் சேர்த்து அவர் எவ்வளவு கவலைப்படுகிறார் என்று ஒரு தட்டில் வைக்கும். அவர் வாழ்க்கையில் கவலைப்பட நிஜமாகவே எவ்வளவு இருக்கிறது என்று அரசுப் பதிவுகளிலிருந்து எடுத்து மறு தட்டில் வைக்கும். பொதுப் பதற்றக் கோளாறுக்குப் புத்தகத்தில் முதல் அடையாளமே ‘அளவுக்கு மீறிய கவலை’தானே. எது அளவு என்று டாக்டர்கள் காலங்காலமாக அடித்துக்கொண்டார்கள். தராசு வந்து அந்தச் சண்டையை முடித்து வைத்தது.

கவலை கனத்தால் ‘மிகை’. மாத்திரை, வாராவாரம் பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் சம்பளத்தோடு விடுப்பு. இரண்டு தட்டும் சமமாக நின்றால் ‘நிகர்’. நிகர் என்றால் வீட்டுக்குப் போ. உனக்கு நோய் இல்லை, உன் வாழ்க்கை அப்படி. துறைமுகப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், “நிகர் போட்டுட்டாங்க” என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டே திரும்பிப் போவார்கள். மழைக்கு ஸ்கூல் லீவு விட்டதைச் சொல்கிற மாதிரி.

“யாருக்காகக் கேக்கறே?”

“பூங்காவனத்துக்கு.”

அவருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இல்லை. எனக்கு மறக்காது.

பூங்காவனம் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவள். நாற்பதைத் தொடுகிற வயசு. அவள் முதலில் எங்களிடம் வரவில்லை. ‘எனக்குக் கவலை’ என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. கழுத்து வலி என்பார்கள், தலை பாரம் என்பார்கள், வயிற்றைக் கலக்குது, கை கால் ஓய்ந்துபோகுது, நெஞ்சுக்குள்ளே ரயில் ஓடுது என்பார்கள். எலும்பு டாக்டர் அவளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிவிட்டார். வயிற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். இதய டாக்டர் உனக்கு என்னம்மா, குதிரை மாதிரி இருக்கே என்றார். தெருமுனை கிளினிக்கில் போகிறபோதெல்லாம் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அது ஏறி முடிகிறவரை நிம்மதியாக இருக்குமாம். படுத்திருக்கிறவளுக்குப் பக்கத்தில் யாராவது ஒருத்தர் இருப்பார்கள் இல்லையா, அதனால்.

கடைசியில் எங்கள் தராசு. உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் நிகர். மனசில் ஒன்றும் இல்லை என்று மனநல நிலையமே முத்திரை குத்திவிட்டது. அப்படியானால் உடம்பில்தான் இருக்கிறது என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரி முடிவு கட்டியது. அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது என்கிறாளே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம். வருகிற திங்கட்கிழமை.

நல்ல கர்ப்பப்பை. ஸ்கேனை நானே பார்த்தேன்.

போன வாரம் அவள் வந்தது சிகிச்சைக்கு இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எங்களிடம் ஒரு சான்று வாங்க வேண்டுமாம். கூடவே பக்கத்து வீட்டு லூர்து. செவிலியர் ரமீஜா அக்கா வழக்கம்போல் தராசைக் காட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் பெஞ்சில்.

“எதை நினைச்சுக் கவலைப்படறீங்க?”

“என்னான்னு சொல்றது டாக்டரம்மா. புயல் வருமோன்னு. வூட்டுக்காரரு கடல்லேருந்து திரும்புவாரோன்னு. பொண்ணு பஸ்ல போவுதே, பிரேக்கு புடிக்குமோன்னு. கேஸை மூடுனேனா இல்லையான்னு.”

“சரி. புயல் இல்ல. வீட்டுக்காரர் கரை ஏறிட்டார். பொண்ணு வீட்டுக்கு வந்தாச்சு, கேஸையும் மூடியாச்சு. அப்ப எப்படி இருக்கும்?”

“அப்பதான் ரொம்ப பயமா இருக்கும். எதை மறந்து தொலைச்சேன்னு தேட ஆரம்பிச்சிருவேன்.”

லூர்து சிரித்துவிட்டாள். “இவ கதையைக் கேளுங்க. நானும் அதே தெருதான். என் வூட்டுக்காரனும் அதே போட்டுலதான் போறான். புயல்னா நானும்தான் நடுங்கறேன். அது போயிடுச்சுன்னா குழம்பு வெச்சுத் தின்னுட்டு குறட்டை வுடறேன். இவ என்னடான்னா, புயல் கரையைக் கடந்தப்புறமும் வாசல்ல நின்னு மேகத்தைப் பார்த்துக்கினு இருக்கா. எங்க தெருவுல இவளுக்கு வானிலை ஆபீஸுன்னு பேரு.”

“நீ சும்மா கெடடி.”

“இல்லைன்னு சொல்லேன் பார்க்கலாம்.”

“எவ்வளவு நாளா இப்படி?” என்று நான் கேட்டேன்.

“பொண்ணு பெரியவளான வருஷத்துலேருந்து. அதுக்கும் முன்னால இருந்துச்சோ என்னமோ. ஒண்ணை எறக்கி வெச்சா இன்னொண்ணு ஏறிக்குது.” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறால் உரித்துத் தோல் உரிந்த விரல்கள். “எனக்கு ஒரு பேரு குடுங்க டாக்டரம்மா. பேரு இல்லாத நோவை எங்க வூட்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. திங்கக்கெழமை வயித்தை அறுத்தாலாவது நம்புவாங்க.”

இதையெல்லாம் சம்பந்தத்திடம் அப்படியே சொன்னேன். அவர் டீயை மேசையில் வைத்துவிட்டார்.

“அந்த அம்மாவோட புருஷன் கடலுக்குப் போறவர். வீடு புயல் பாதையில இருக்கு. அவங்க பயப்படாம இருந்தாத்தான் நோய். இதுல மறு தட்டைத் திறந்து பார்க்க என்ன இருக்கு?”

“லூர்துவுக்கும் அதே தட்டுதான் சார். லூர்து தூங்கறா.”

“ஆளுக்கு ஆள் மாறும்.”

“மாறுதில்ல? அந்த மாறுதல்தான் நோய். கவலை எவ்வளவு பெரிசுன்னு கேக்கறதுல பிரயோஜனமே இல்ல. அதை இறக்கி வைக்க முடியுதான்னு கேக்கணும். அவளால முடியல. கவலைப்பட விஷயம் தீர்ந்துபோனா புதுசா தேடிக்கறா. கழுத்து கல்லு மாதிரி இருக்கு, தூக்கம் இல்ல, எதுலயும் மனசு நிக்கல, தொட்டதுக்கெல்லாம் பொண்ணு மேல எரிஞ்சு விழறா. இறுதியாண்டுப் பையன்கிட்ட கேட்டாலே என்ன நோய்னு சொல்லுவான். நம்ம நாற்காலிக்குத் தெரியல.”

சம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தராசு வர்றதுக்கு முன்னாடி நான் வெள்ள முகாம்கள்ல வேலை பார்த்தவன். வீடு போனவங்க வரிசையில வருவாங்க. அழுதா மாத்திரை. கேள்வி கேட்டா இன்னொரு மாத்திரை. வீடு மட்டும் யாருக்கும் கிடைக்கல. ஏழையோட கஷ்டத்துக்கு நோய்னு பேர் வெச்சு மூடாதீங்கன்னு கத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். அந்த மறு தட்டையே நாங்கதான் போராடி வைக்கச் சொன்னோம். அது உன் ஜனங்களுக்காக வெச்ச தட்டும்மா.”

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

“அப்புறம் வீடு குடுத்தாங்களா சார்?”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“முன்னே வீடு இல்ல, மாத்திரை இருந்துச்சு. இப்ப வீடும் இல்ல, மாத்திரையும் இல்ல. யாருக்கோ செலவு மிச்சம்.”

“வார்த்தையை அளந்து பேசு தில்லைக்கரசி.”

வந்துவிட்டது முழுப் பெயர்.

“அளந்து பார்த்துட்டுத்தான் பேசறேன். ஒருத்தன் வீட்டுப் படி உடைஞ்சிருக்கு. அதுல விழுந்து காலை உடைச்சுக்கிட்டு வர்றான். படி உடைஞ்சிருக்கே, நீ விழறது நியாயம்தான்னு சொல்லி, காலைக் கட்டாம அனுப்புவீங்களா? படியையும் சரி பண்ணணும், காலையும் கட்டணும். நாம ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைச் செய்யாம விடறோம்.”

“காலும் மனசும் ஒண்ணா?”

“என்னையே எடுத்துக்கங்க.”

இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வாய் கேட்கவில்லை.

மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் பரீட்சை ஹால் வாசலில் வாந்தி எடுத்தேன். பாஸானேன். பாஸானது தப்பாக அச்சாகியிருக்குமோ என்று ரிசல்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பா வேலைக்குப் போனால் ஐஸ் பாளம் காலில் விழுந்துவிட்டது என்று போன் வரும் என்று உட்கார்ந்திருப்பேன். அவர் வீட்டில் இருந்தால் வேலை போய்விட்டதோ என்று பயப்படுவேன். கல்லூரித் தராசில் உட்கார வைத்தார்கள். துறைமுகத் தெரு விலாசம், ஐஸ் உடைக்கும் அப்பா, கல்விக் கடன். நிகர். இந்த நிலையத்தில் வேலைக்கு வந்தபின் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனேன். விலாசம் மாறிவிட்டது. சம்பளக்காரி என்பதால் அப்பாவின் தொழில் பதிவிலிருந்து போய்விட்டது. வருஷாந்திரப் பரிசோதனையில் மறுபடி அதே நாற்காலி. மிகை. அன்றைக்கே மாத்திரை கொடுத்தார்கள். வாராவாரம் பேசுவதற்கு ஒரு ஆலோசகர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சில வாரம் போனபின் ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸில் சும்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எதையும் யோசிக்காமல். இப்படியும் இருக்க முடியுமா என்று எனக்கு அழுகை வந்தது.

“என் கவலை ஒரு கிராம்கூட ஏறலை சார். மறு தட்டுல இருந்ததை எடுத்துட்டீங்க, அவ்வளவுதான். நோய் அப்பவும் இருந்துச்சு. அத்தனை வருஷம் அதை வெச்சுக்கிட்டேதான் படிச்சேன்.”

சம்பந்தம் என்னைப் பார்த்தார். அப்புறம் மேசையிலிருந்த, தராசோடு இணைந்த சின்னப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

“நானே எந்த நோயாளிக்கும் இதைத் திறந்து பார்த்ததில்ல. பார்த்தா மனசு இளகிடும், தீர்ப்பு கெட்டுப் போயிடும்னுதான் மூடி வெச்சோம். உனக்குக் காட்டறேன். புயலும் கடலும்தான் இருக்கும். பார்த்துட்டு வேலையைப் பாரு.” கட்டைவிரலைப் பதித்தார். “பூங்காவனம், துறைமுகத் தெரு. மறு தட்டு. எது அதிக கனம்?”

பெட்டி பேசியது. ரயில்வே அறிவிப்பு மாதிரி பிசிறில்லாத பெண் குரல்.

“வணக்கம். இவருடைய மறு தட்டில் மிகக் கனமானது, சிகிச்சை கிடைக்காமை. இவருடைய உடல்நலக் குறைவுக்குச் சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. ஆகவே இவர் கவலைப்படுவது நியாயமே.”

சம்பந்தம் முன்னால் குனிந்தார். “புயல்?”

“புயல் அதற்கு அடுத்தது. எடையில் பாதிகூட இல்லை.”

“சிகிச்சை கிடைக்கற வாய்ப்பு ஏன் குறைவு?” அதை நான் கேட்டேன். என் குரலுக்குப் பெட்டி பதில் சொல்லவில்லை. அவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

“ஏனெனில் இவருடைய தெருவிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சிகிச்சை வழங்கப்படுவதில்லை.”

“ஏன் வழங்கப்படல?”

“ஏனெனில் அவர்களுடைய கவலை நியாயமானது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?”

வெளியே கூடத்தில் ரமீஜா அக்கா யாரையோ, “பெயர் கூப்பிட்டா எழுந்து வாங்க, கூப்பிடாம ஏன் ஓடி வர்றீங்க” என்று திட்டிக்கொண்டிருந்தார்.

“இதை நாங்க வைக்கலையே,” என்றார் சம்பந்தம். குரல் இறங்கிப் போயிருந்தது. “சத்தியமா நாங்க இதை வைக்கல.”

“நீங்க வைக்கல சார். அது பார்த்துக் கத்துக்கிச்சு. நாம ஒவ்வொருத்தரா நிகர் போட்டு அனுப்ப அனுப்ப, அந்தத் தட்டுல ஒவ்வொரு கல்லா ஏறிக்கிட்டே வந்திருக்கு. இனிமே அந்தத் தெருவுல பிறக்கற பிள்ளைக்கும் அது ஏறும்.”

அவர் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். திரும்பும்போது பழைய தலைவர் ஆகிவிட்டார்.

“மேல எழுதறேன். குழு கூடும். ஆராய்ச்சி பண்ணுவாங்க, அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் ஒண்ணு பண்ணு. அந்த அம்மாவுக்கு மட்டும் கைத்தீர்ப்பு போட்டுடு. நான் பார்க்காத மாதிரி இருந்துக்கறேன்.”

கைத்தீர்ப்பு என்பது தராசை மீறி டாக்டர் தன் கையால் எழுதுகிற தீர்ப்பு. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் எழுதின டாக்டரை, விசாரணை முடிகிற வரைக்கும் நோயாளிகளைப் பார்க்க விடமாட்டார்கள். எந்த விசாரணையும் முடிந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதைத்தான் அவர் எனக்குத் தண்டனை இல்லாமல் தருகிறேன் என்கிறார். பெரிய மனசுதான்.

“அவளுக்கு மட்டுமா?”

“ஒருத்தியையாவது காப்பாத்தின மாதிரி இருக்கும் இல்ல?”

“அவளுக்குக் காலையிலேயே எழுதிட்டேன் சார்.”

அவர் பெட்டியை மேசையில் தள்ளி வைத்தார்.

“மருந்தகத்துல மாத்திரையும் வாங்கிட்டா. பொதுப் பதற்றக் கோளாறுன்னு பேர் சொன்னேன். உடனே சரியாகாது, முதல்ல கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்கும், பேச வாரம் தவறாம வரணும்னு சொன்னேன். லூர்து, பேரு இவ்வளவு நீளமா இருக்கே, பெரிய எடத்து நோவு போலன்னு சொன்னா. பூங்காவனம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமை வரலைன்னு சொல்லிட்டா. என் எதிர்லயே.”

“அப்ப எதுக்கு என்கிட்ட வந்தே?”

“அவ ஒருத்தி இல்ல சார். நிகர் வாங்கிட்டுப் போனவங்களை இந்த வாரம் பூரா திரும்பக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசினேன். எல்லாருக்கும் நோய்னு நான் சொல்லலை. தேவனாம்பட்டினத்துலேருந்து ஒருத்தர் வந்தார். வீட்டை இடிக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கான், தூக்கம் வரலைன்னார். நோட்டீஸ் ஒட்டறதுக்கு முன்னாடி நல்லா தூங்கின மனுஷன். அவருக்கு மாத்திரை எழுதலை. தாசில்தாருக்குத்தான் எழுதினேன். மத்தவங்களுக்கு இன்னிக்குக் காலையில எழுதினேன். யார் யாருக்கு இருக்கோ அத்தனை பேருக்கும், என் கையால.”

“அத்தனை பேருக்குமா?” அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “பைத்தியமா உனக்கு? இதை நான் மறைக்கவே முடியாதே.”

“மறைக்க வேண்டாம். நீங்க மேல எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்க. நான் அனுமதி கேட்க வரலை. அந்தப் பெட்டி பேசறதை நீங்க உங்க காதால கேக்கணும்னு வந்தேன்.”

அவர் பேசினபோது குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இன்னிக்கே உன்னை நிறுத்தியாகணும். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். நீ எங்க போவே, துறைமுகத் தெருவுக்குத்தானே? உன் விலாசம் மாறும். சம்பளம் இல்லைன்னதும் அப்பா தொழில் மறுபடி பதிவுல ஏறும். அடுத்த தடவை உன்னை உட்கார வெச்சா உனக்கே நிகர் விழும் தில்லை. உன் மாத்திரை நிக்கும். பேச்சு சிகிச்சை நிக்கும். அதை யோசிச்சியா?”

“யோசிச்சேன்.”

யோசிக்காமல் இருப்பேனா. அதைத்தானே நான் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு விஷயத்தை யோசித்து, முடிவுக்கு வந்து, அங்கேயே நிற்க முடிந்தது இந்த வாரம்தான்.

“எனக்கும் யாராவது ஒரு டாக்டர் கையால எழுத வேண்டியிருக்கும்,” என்றேன். “அது நீங்களா இருந்தா நல்லா இருக்கும் சார்.”

அவருடைய உதடு பிரிந்தது. என்ன சொல்ல வந்தார் என்று தெரியவில்லை. கேட்டால் நின்றுவிடுவேன், நின்றால் பேரம் பேசுவேன். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

கூடத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ரமீஜா அக்கா என் முகத்தைப் பார்த்தார், வெறுமையான கழுத்தைப் பார்த்தார். “சாப்பிட்டியாடி?” என்றார். இல்லை என்றேன். “சாப்பிட்டுட்டு எங்க வேணா போ,” என்றார். சரி என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எதற்கு அடிக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அடிக்கட்டும் என்று வாசல் படி இறங்கி வெயிலில் நடந்தேன்.